மூன்று வருஷமாக விபத்தே இல்லை, தணிக்கையில் 94. இந்தச் சுரங்கத்தை நம்பலாமா?

மார்ச் 3, மாலை 6.15 (கேள்வி: மேட்டூர்க்காரன்)

வணக்கம். பாதுகாப்புத் தணிக்கை செய்யும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை சிமென்ட் ஆலை, டயர் ஆலை என்றுதான் போயிருக்கிறேன். ஏப்ரலில் முதல் தடவையாக ஜார்க்கண்டில் ஒரு நிலக்கரிச் சுரங்கம், அதுவும் பூமிக்கடியில். அவர்கள் அனுப்பிய கோப்பைப் பார்த்தேன். மூன்று வருஷமாக உயிரிழப்பு இல்லை, பெருங்காயம் இல்லை. போன தணிக்கையில் 100-க்கு 94. பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம் மட்டும் 212 பக்கம், சிவப்பு மஞ்சள் பச்சைக் கட்டங்களோடு. இவ்வளவு நன்றாக இருக்கிற இடத்தில் நான் போய் என்ன பார்ப்பது? எதை வைத்து மதிப்பிடுவது? உள்ளே இறங்கி வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 9.40

94 என்றதும் சிரித்துவிட்டேன், மன்னிக்கணும் தம்பி. நானே ஒரு சுரங்கத்துக்கு 96 போட்டவன். அந்தக் கதை பிறகு.

என்னைப் பற்றி ஒரு வரி. கிண்டியில் சுரங்கவியல் படித்துவிட்டு ராணிகஞ்ச், ஜரியா பக்கம் 31 வருஷம். கடைசி 9 வருஷம் பாதுகாப்பு அதிகாரி. இப்போது விருத்தாசலத்தில் சும்மா இருக்கிறேன், அதனால் நிறைய எழுதுவேன்.

முதல் பேச்சு இது. காயக் கணக்கு கையில் அடிபட்டதையும் கால் வழுக்கியதையும் சொல்லும். வெடிப்பையும் வெள்ளத்தையும் அது சொல்லாது. அவை இரண்டும் வேறு சாதி. ஒரு சுரங்கத்தில் 3 வருஷம் யாருக்கும் விரல் நசுங்கவில்லை என்பதால் அங்கே மீத்தேன் சேரவில்லை என்று ஆகாது.

மார்ச் 4, காலை 7.05

அந்தப் பூஜ்யம் எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறேன். காயம்பட்டவன் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால்தான் அதை மேலே தெரிவிக்க வேண்டும். அப்படியானால் என்ன செய்வார்கள்? அவனை வேலைக்கு வரவைப்பார்கள்.

ஹாலேஜில், அதாவது கரிவண்டிகளைக் கயிற்றால் இழுக்கிற இடத்தில், கயிறு மாட்டுகிற ஒரு ஆள், பெயர் வேண்டாம். டப் (கரிவண்டி) ஏறிக் கால் கட்டைவிரல் நசுங்கியது. மூன்றாம் நாள் காலையில் ஜீப் அனுப்பிக் கூட்டிவந்தோம். டைம் ஆபீஸில் ஒரு ஸ்டூல், கீழே இன்னொரு ஸ்டூல். கட்டுப்போட்ட காலை அதன்மேல் நீட்டிக்கொண்டு 17 நாள் பழைய ஹாஜர் சீட்டுகளை அடுக்கினார். கட்டிலிருந்து அயோடின் வாடை வரும். நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எழுந்திருக்கப் பார்ப்பார், நான் கையமர்த்துவேன். காயப் பதிவேட்டில் அந்த மாதம் கோடு. ஜீப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆகவே முதல் வேலையாக மருந்தகப் பதிவேட்டை வாங்கு. கம்பவுண்டர் எழுதும் நோட்டு. கட்டுப் போட்டவர், தையல் போட்டவர் எல்லாரும் அதில் இருப்பார்கள். மருந்து வாங்கியதற்குக் கணக்குக் காட்ட வேண்டுமே! அதைக் காயப் பதிவேட்டோடு ஒட்டிப் பார்.

மார்ச் 4, மதியம்

திருத்தம். காலையில் 48 மணி என்று எழுதிவிட்டேன். சுரங்கச் சட்டம் 1952-இல் இருந்தது 72 மணி. எலும்பு முறிவு, உறுப்பு இழப்பு எல்லாம் பெருங்காயம், அவற்றுக்கு இந்த மணிக்கணக்கே கிடையாது. கோத்தகூடத்து நண்பர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது இன்னொன்றும் சரி: கட்டைவிரல் எலும்பு உடைந்திருந்தால் அது பெருங்காயக் கணக்கிலேயே வந்திருக்கும். உடைந்ததா என்றால், எக்ஸ்ரே எடுக்கவே இல்லை. ஏன் எடுக்கவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

மார்ச் 5, காலை

நியூசிலாந்தில் பைக் ரிவர் என்று ஒரு சுரங்கம். 2010 நவம்பர் 19-இல் வெடித்தது, 29 பேர் போனார்கள். விசாரணை ஆணையம் 2012-இல் அறிக்கை தந்தது. வெடிப்புக்கு முந்தைய 48 நாட்களில் மீத்தேன் வெடிக்கும் அளவை எட்டியதாக 21 தகவல்கள். அதற்குக் கீழே, ஆனாலும் ஆபத்தான அளவில் 27 தகவல்கள். வெடித்த நாள் காலை வரை வந்துகொண்டே இருந்தன. எழுதியவர்கள் எழுதிவிட்டார்கள். படித்து முடிவெடுக்க வேண்டியவர்களிடம் அது போய் உட்காரவில்லை. சில நாள் முன் நடந்த இயக்குநர் கூட்டத்தில், வாயு என்பது அன்றாடத் தொல்லை, பெரிய தடை ஒன்றுமில்லை என்ற அளவில் பேசி முடித்திருக்கிறார்கள்.

வெடிக்கும் அளவு என்றால் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன். நம் ஊரில் 1.25 தாண்டினாலே அந்தப் பகுதிக்கு மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இதை 21 தடவை ஒரு நாற்பத்தெட்டு நாளில் என்று யோசித்துப் பார்.

அதே வருஷம் ஏப்ரல் 5, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் அப்பர் பிக் பிராஞ்ச். அங்கேயும் 29 பேர். அங்கே கூத்து வேறு மாதிரி. இரண்டு வகைப் பதிவேடு வைத்திருந்தார்கள் என்று அரசு விசாரணையில் வந்தது. ஒன்று இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்கு, இன்னொன்று உற்பத்திக்காரர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள. கோளாறெல்லாம் இரண்டாவதில். இன்ஸ்பெக்டர் வாசலில் நுழைந்ததும் உள்ளே தகவல் போய்விடும். நிறுவனத் தலைவருக்கே 2015-இல் குற்றத் தீர்ப்பு வந்தது.

இந்த இரண்டையும் ஏன் சொன்னேன் என்றால், ஒன்றில் கெட்ட செய்தி காகிதத்தில் இருந்தது, கேட்க ஆள் இல்லை. இன்னொன்றில் கேட்க வேண்டியவர் கைக்குப் போகாத மாதிரிக் காகிதத்தையே இரண்டாகப் பிரித்தார்கள். ஃபேஸில், அதாவது கரி வெட்டும் இடத்தில், ஒருவன் பார்த்த கெட்ட செய்தி எத்தனை மணி நேரத்தில் மேனேஜர் மேசைக்கு வருகிறது, வந்த பிறகு என்ன ஆகிறது? நீ மதிப்பிட வேண்டியது இது ஒன்றைத்தான் என்பேன். 212 பக்கத்தை ரயிலில் படித்துக்கொள்.

மார்ச் 5, மாலை

"ஆனால் இந்தியாவில் மில்லியன் டன்னுக்கு எத்தனை சாவு என்ற கணக்கு வருஷா வருஷம் இறங்கித்தானே வருகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

இறங்குகிறது. ஆனால் கீழே வகுக்கிற எண்ணைப் பாருங்கள். கோல் இந்தியா 1975-இல் பிறந்தபோது கரியில் பெரும்பங்கு பூமிக்கடியிலிருந்து வந்தது. இப்போது 95 விழுக்காட்டுக்கு மேல் திறந்தவெளியில் வெட்டுவது. ஒரு டம்பர் டிரைவர் ஒரு ஷிஃப்டில் ஏற்றுகிற டன்னை என் காலத்தில் ஒரு முழு செக்ஷன் கூடை தூக்கி எடுத்திருக்குமா தெரியாது. டன் எகிறினால் விகிதம் தானாக விழும். தரையடியில் தூணுக்கு நடுவே நிற்பவனுக்கு அதனால் கூரை கெட்டியாகிவிடாது.

3 லட்சம் ஆள்-ஷிஃப்டுக்கு எத்தனை என்று இன்னொரு கணக்கும் போடுவார்கள். அது கொஞ்சம் தேவலை. அதிலும் ஒப்பந்த ஆட்களின் ஷிஃப்டைச் சரியாக எண்ணினார்களா என்று கேள்.

திறந்தவெளி என்றால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். 2016 டிசம்பர் 29, ராஜ்மஹல் பகுதி லால்மாட்டியா. மேல்மண் சரிந்து 23 பேர்.

மார்ச் 7

இப்போது அந்தச் சிவப்பு மஞ்சள் பச்சை.

எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள், ஏளனமாகப் பார்க்கத் தோன்றாது. ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து, மௌரா 2-ஆம் எண் சுரங்கம், 1994 ஆகஸ்ட் 7. அடைத்து மூடிய ஒரு பகுதிக்குள் வாயு சேர்ந்து வெடித்தது, 11 பேர். அதற்குப் பிறகுதான் அங்கே பெரிய அபாயம் ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் எழுதிக் கொடு என்று சட்டம் கேட்டது. அந்த யோசனை நமக்கு வந்து, நம் 2017 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறையில் 104-ஆவதாக உட்கார்ந்திருக்கிறது. யோசனை நல்ல யோசனை.

நாங்கள் செய்தது என்னவென்றால், ஒரு ஹாலில் 14 பேர் உட்கார்ந்தோம். ஓவர்மேன் (ஷிஃப்ட் மேற்பார்வையாளர்) இருவர், சர்தார் (அவருக்குக் கீழே ஒரு பகுதியின் ஆட்களைப் பார்த்துக்கொள்பவர்) ஒருவர், மற்றவர் அதிகாரிகள். அந்த சர்தார் கதவோரம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், தலைக்கவசம் மடியில். விளைவு, வெளிப்பாடு, வாய்ப்பு என்று மூன்று எண்ணையும் பெருக்கினால் அபாய மதிப்பு வரும். கூரை விழுதலுக்குப் பெருக்கினோம், சிவப்பு வந்தது. சிவப்பு வந்தால் வேலையை நிறுத்தி ஏற்பாடு செய்ய வேண்டும், பணம் கேட்க வேண்டும், கடிதம் எழுத வேண்டும். டீ வந்தது. டீ குடித்துவிட்டு வாய்ப்பைக் கொஞ்சம் குறைத்தோம், மஞ்சள் வந்தது. எல்லாரும் பிஸ்கட் எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் சர்தாரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. வருகைப் பட்டியலில் கையெழுத்து மட்டும் வாங்கினோம், "தொழிலாளர் பங்கேற்பு" என்ற தலைப்பில்.

ஆகவே ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தால் அதில் எத்தனை சிவப்பு என்று பார். பூமிக்கடியில் கரி வெட்டுகிற இடத்துக்கு ஒரு சிவப்பும் இல்லாவிட்டால் அங்கே டீ நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

மார்ச் 8, காலை

நீ கேட்டது: பதிவேட்டை எப்படிப் படிப்பது?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பழைய மாதத்தை எடு. சர்தாரின் ஷிஃப்ட் பரிசோதனைப் பதிவேடு. வேலை தொடங்குவதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் அவர் தன் பகுதி முழுக்க நடந்து கூரை, பக்கம், காற்று, வாயு பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் மையைப் பார். 30 நாளும் ஒரே மை, ஒரே அழுத்தம், வரிகள் ஒரே சாய்வு என்றால் மாதக் கடைசியில் ஒரே உட்காரலில் எழுதியது. உள்ளே எழுதிய பதிவேட்டில் கரிக் கைரேகை இருக்கும், ஓரம் ஈரத்தில் ஊதியிருக்கும், தண்ணீர் சொட்டிய இடத்தில் எழுத்து கலைந்திருக்கும். வெள்ளை வெளேர் என்ற பதிவேட்டைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் ஹாஜர் பதிவேடு. சர்தார் லீவில் இருந்த நாளில் சர்தார் கையெழுத்து இருக்கிறதா? நான் பார்த்திருக்கிறேன். சத் பூஜைக்கு ஊருக்குப் போன ஆள், அதே நான்கு நாளும் இங்கே மீத்தேன் "இல்லை" என்று எழுதியிருந்தார்.

மூன்றாவது, நடந்து பார். அந்தப் பதிவேட்டில் இருக்கிற வரிசையில், அவரோடு, அவர் வேகத்தில். நான் நடந்தபோது நிற்காமல் நடந்தாலே 2 மணி 25 நிமிடம் ஆனது. ஒவ்வொரு கேலரியிலும் (கரியில் வெட்டிய பாதை) கம்பால் கூரையைத் தட்டினால் இன்னும் ஒரு மணி நேரம். ஆக நேர்மையான ஆளாக இருந்தாலும் முடியாது. அவரைத் திட்டி என்ன பயன்? பகுதியைப் பெரிதாக வெட்டிக் கொடுத்தது மேனேஜர்.

கூரை தட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீ பார்க்கப் போகிறாய். கெட்டிக் கூரை என்றால் கம்பு துள்ளும், கணீர் என்று ஒலிக்கும். பிரிந்த கல் என்றால் ஈரச் சாக்கைத் தட்டினாற்போல் மொத்தென்று இருக்கும். ஒரு கையால் தட்டி இன்னொரு கை விரலைக் கூரையில் வைத்துப் பார்ப்பார்கள், அதிர்வு விரலுக்கு வரும். ஜரியாவில் கூரை விழுந்தால் "சால்" விழுந்தது என்பார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டால் டவுன்ஷிப்பில் பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

மீத்தேன் காற்றை விட லேசு, மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொள்ளும். கருவியை நெஞ்சுயரத்தில் பிடித்தால் எந்தக் காலத்திலும் பூஜ்யம்தான். சர்தார் கையை எங்கே உயர்த்துகிறார் என்று பார். கூரை உடைந்து குழிவான இடத்துக்குள் நீட்டுகிறாரா? பழைய ஆட்கள் சுடர் விளக்கை மெல்லத் தூக்கிக்கொண்டு போவார்கள், திரியைக் கடுகளவுக்கு இறக்கி. வாயு இருந்தால் சுடருக்கு மேல் நீலமாக ஒரு தொப்பி தெரியும். 1.25-க்குக் கீழே அது சாதாரணக் கண்ணுக்குப் பிடிபடாது. இருந்தாலும் அவர்கள் கை தானாகக் கூரைக்குப் போகும். இப்போது டிஜிட்டல் கருவி வந்து 0.1-கூடக் காட்டுகிறது, கை மட்டும் நெஞ்சோடு நின்றுவிட்டது.

மார்ச் 8, இரவு

96 கதையை யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

வருஷா வருஷம் சுரங்கப் பாதுகாப்பு வாரம் வரும். ஒரு ஏரியா ஆட்கள் இன்னொரு ஏரியாவுக்குப் போய் மதிப்பெண் போடுவது. நாங்கள் ஐந்து பேர் போனோம். நுழைவாயிலில் சுண்ணாம்புக் கோடு, சாமந்தித் தொட்டி, பள்ளிப் பிள்ளைகள் பாட்டு. உள்ளே ஃபேஸ் வரைக்கும் இரண்டு பக்கமும் கல்தூள் புதுசாகத் தெளித்து ஆற்றுமணல் மாதிரி வெள்ளையாக இருந்தது. பார்க்கக் கண்கொள்ளவில்லை. கரித்தூசியோடு எரியாத தூள் கலந்து வைத்தால் வெடிப்பு பரவாது, அதற்குத்தான் அது. 1965 மே 28-இல் தோரியில் 268 பேர் போனது கரித்தூசியால்தான்.

அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் 96 போட்டேன். திரும்பும்போது ஆளுக்கொரு சூட்கேஸ் கொடுத்தார்கள். என்னுடையது இன்னும் பரண் மேல் கிடக்கிறது, பேத்தி உள்ளே பழைய பொம்மை போட்டு வைத்திருக்கிறாள்.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி, ஸ்டோரில் இந்த மாதம் எத்தனை மூட்டை கல்தூள் இறங்கியது, போன மாதம் எத்தனை, அதற்கு முந்தைய மாதம் எத்தனை? அந்த மூன்று எண் போதும். ஒரே மாதத்தில் மொத்தமாக இறங்கியிருந்தால் அது எனக்காக இறங்கியது.

மார்ச் 10

தண்ணீர். இதைப் பலர் கேட்கவே மாட்டார்கள்.

சாஸ்நாலா, 1975 டிசம்பர் 27, 375 பேர். பழைய வேலையில் தேங்கி நின்ற தண்ணீர் உள்ளே உடைத்துக்கொண்டு வந்தது. கீழ்க்கோர்ட் தீர்ப்பு 2012-இல் வந்தது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காஸ்லிடாண்ட், 1995 செப்டம்பர் கடைசி, மழை இரவு, கட்ரி ஆறு உள்ளே புகுந்தது, 64 பேர். பாக்டிகி, 2001 பிப்ரவரி 2, பக்கத்துக் கைவிட்ட சுரங்கத்தின் தண்ணீர், 29 பேர். மூன்றும் ஜரியா வட்டாரம்தான், மூன்று தலைமுறை மேனேஜர்கள்.

தண்ணீர் நிற்கும் பழைய வேலைக்கு 60 மீட்டருக்குள் போக வேண்டுமானால் தனி அனுமதி வேண்டும். விதி இருக்கிறது. 60 மீட்டரை எங்கிருந்து அளப்பாய்? வரைபடத்தில் இருந்து. வரைபடம் யார் போட்டது? நாட்டுடைமைக்கு முன் இருந்த முதலாளியின் சர்வேயர், அவர் சில சமயம் திருட்டுக் கரி எடுத்த இடத்தை வரையாமலே விட்டிருப்பார். ஆகவே வரைபடத்தின் வயதைக் கேள், அடுத்த சுரங்கத்தின் வரைபடத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்களா என்று கேள், முன்னால் துளைபோட்டுப் பார்த்த பதிவு உண்டா என்று கேள்.

காஸ்லிடாண்டிலிருந்து ஒரு கேள்வி: இரவு 1 மணிக்கு மழை கொட்டுகிறது. உள்ளே இருப்பவர்களை மேலே கூப்பிடும் அதிகாரம் யாருக்கு? "மேனேஜரைக் கேட்டு" என்று பதில் வந்தால் மேனேஜர் வீட்டு போன் எடுக்கிறதா என்று அங்கேயே போட்டுப் பார். நான் போட்டுப் பார்த்த ஒரு இடத்தில் மேனேஜரின் மாமியார் எடுத்து, காலையில் பேசச் சொன்னார்.

மார்ச் 10, பின்குறிப்பு

மகாவீர் சுரங்கம் பற்றி ஒருவர் கேட்டார். ஆமாம், ராணிகஞ்ச், 1989 நவம்பர் 13. அதுவும் தண்ணீர். 71 பேர் மாட்டினார்கள், 6 பேர் போனார்கள். தரையிலிருந்து துளை போட்டு இரும்புக் கூண்டை இறக்கி 65 பேரை ஒவ்வொருவராக எடுத்தார்கள். கூண்டில் முதலில் இறங்கியது ஜஸ்வந்த் சிங் கில், பொறியாளர். எனக்கு அப்போது சர்வீஸில் இரண்டாவது வருஷம், பக்கத்து ஏரியா. மீட்பைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், நானும் பெருமையாகப் பேசுவேன். உடைந்தது ஏன் என்று பேச ஆரம்பித்தால் கூட்டம் கலைந்துவிடும்.

மார்ச் 11

நெய்வேலி எப்படி என்று இருவர். அது வேறு உலகம் அப்பா. பழுப்பு நிலக்கரி, திறந்தவெளி, மீத்தேன் தொல்லை கிடையாது. அங்கே எதிரி கரிக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கிற ஊற்று நீர். இரவு பகல் பம்பு ஓடாவிட்டால் தரையே உப்பி மேலே வந்துவிடும். அப்புறம் மேல்மண் சரிவு, கன்வேயர் பெல்ட், மழைக்காலச் சேறு. என் மச்சினன் அங்கேதான் இருந்தான். "உங்களுக்கு மேலே விழும், எங்களுக்குக் கீழே இருந்து வரும்" என்பான். ஜரியாவுக்கு எழுதின கேள்வித்தாளை அங்கே கொண்டுபோனால் பாதிக் கேள்விக்குப் "பொருந்தாது" என்று டிக் விழும், "பொருந்தாது" எல்லாம் முழு மதிப்பெண்ணாகக் கூட்டிவிடுவார்கள். 94 வரும் வழிகளில் அதுவும் ஒன்று!

மார்ச் 12, இரவு 1.50

தூக்கம் வரவில்லை. இதை எழுதலாமா என்று நான்கு நாளாக யோசனை.

நான் பாதுகாப்பு அதிகாரியாகி இரண்டாம் வருஷம். இரவு ஷிஃப்ட். கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித்தூணைப் பிரித்துக் கரி எடுக்கிற பகுதி. ஒரு சர்தார், ஐம்பது தாண்டியவர், 22 பேரையும் ஃபேஸிலிருந்து வெளியே கூட்டிவந்து கூரைக்கம்பி போட்ட இடத்தில் உட்காரவைத்துவிட்டார். "சால் பேசுகிறது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மரத்தூண் முனகுவதைச் சொன்னாரா, மண் உதிர்வதைச் சொன்னாரா, கேட்டால் அவருக்கு விளக்கத் தெரியவில்லை. ஷிஃப்ட் முழுக்க ஒரு டப் கரி வரவில்லை.

காலையில் நாங்கள் போய்ப் பார்த்தோம். கூரை நின்றது. மேனேஜர் கம்பை வாங்கித் தட்டினார், கணீர். எல்லார் முன்னாலும் தட்டினார், மூன்று தடவை. அடுத்த ஷிஃப்ட் போய்க் கரி எடுத்தது. ஒன்றும் விழவில்லை. அடுத்த மாதமும் விழவில்லை. முறைப்படி எடுத்து முடித்து அந்தப் பகுதியை மூடியும் விட்டோம்.

பத்து நாளில் சர்தாருக்கு மேலே, தண்ணீர் டேங்க் பக்கம் மாற்றல். தண்டனை என்று எங்கும் எழுதவில்லை. "உடல்நிலை கருதி." என் மேசை வழியாகத்தான் போனது, நான் இனிஷியல் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த இரண்டேகால் வருஷத்தில் ஒரு சர்தார்கூட ஒரு ஷிஃப்டைக்கூட நிறுத்தவில்லை. பதிவேடு சுத்தம். அந்தக் காலத்தில்தான் எங்களுக்குக் கேடயம் கிடைத்தது.

மார்ச் 13, காலை

ராத்திரி எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் நாடகமாக இருக்கிறது. நேர்மையாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அந்த சர்தாருக்கு மேனேஜரோடு ஏற்கெனவே ஒரு ஓவர்டைம் தகராறு இருந்தது. வேண்டுமென்றே செய்தார் என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். உற்பத்தி என்ற கத்தி மேனேஜரின் கழுத்தில் இருந்ததும் உண்மை, மாத இலக்கில் அப்போது நாங்கள் பின்தங்கி இருந்தோம்.

அவர் பொய்யே சொல்லியிருந்தாலும் அந்த மாற்றல் தப்பு என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஒரு ஷிஃப்ட் கரி போனதால் என்ன குடி முழுகியது? மற்ற சர்தார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, நிறுத்தினால் மாற்றல் என்று அவர்கள் கற்றுக்கொண்டதுதான் நஷ்டம். முன்பு ஒருவன் வருஷத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்துவான்.

ஆகவே தம்பி, இதைக் கேள்: போன 12 மாதத்தில் வேலையை நிறுத்திய கீழ்நிலை ஆள் யார், அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்? பெயர் சொன்னால் அவரையே பார்த்துப் பேசு. "அப்படி ஒரு அவசியமே வரவில்லை" என்று பதில் வந்தால் நீ அனுபவம் இல்லாதவன் என்று நினைத்துச் சொல்கிறார்கள்.

கூரை தட்டலில் மேனேஜருக்குக் கணீர் வந்ததே என்று ஒருவர் கேட்கிறார். தடித்த கல் மொத்தமாகப் பிரிந்து நின்றாலும் கணீர் என்றுதான் வரும். 8-ஆம் தேதி நான் எழுதியபோது அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

மார்ச் 15

கடைசியாக ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன், அரை மணி நேரம் ஆகும்.

மூன்றாவது ஷிஃப்டில் போ. ஞாயிறாக இருந்தால் இன்னும் நல்லது. சொல்லாமல் போக விடமாட்டார்கள், ஆனால் நேரத்தையாவது நீ மாற்று. வாயிலில் உன் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்களா? பீடி, தீப்பெட்டி, செல்போன் உள்ளே போகக் கூடாது. பிறகு ஒரே நேரத்தைக் குறித்துக்கொண்டு மூன்று இடத்தில் ஒரே கேள்வி: "இப்போது உள்ளே எத்தனை பேர்?" ஹாஜர் ஆபீஸ், விளக்கறை, உள்ளே ஓவர்மேன். கேப் லேம்ப் எத்தனை வெளியே போயிருக்கிறது என்று விளக்கறையில் கொக்கியைப் பார்த்து எண்ணலாம்.

இடுப்பில் மாட்டியிருக்கிற செல்ஃப் ரெஸ்க்யூவரை (விஷவாயு வந்தால் மூச்சுவிட உதவும் கருவி) ஒரு லோடரிடம், அதாவது கரி ஏற்றும் தொழிலாளியிடம், போட்டுக் காட்டச் சொல். பயிற்சிக் கருவியில்தான், அசலைத் திறந்தால் வீணாகிவிடும். அவன் கை எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் பார், மேலாளர் அவனைத் திட்டாமல் பார்த்துக்கொள்.

ஏப்ரல் 19

மேட்டூர்க்காரன் தனியே எழுதியிருந்தார், போடலாம் என்றார். சுருக்கமாகப் போடுகிறேன்.

விருந்தாளி என்பதால் இவரைச் சோதிக்கவில்லை. பையில் போன் இருந்தது, அவரே ஞாபகம் வந்து திரும்பிப்போய்க் கொடுத்தார். மருந்தக நோட்டில் 3 வருஷத்தில் 41 தையல், காயப் பதிவேட்டில் அதில் ஒன்றும் இல்லை. சர்தாரோடு நடந்தார், 2 மணி 50 நிமிடம். சர்தார் கையைக் கூரை வரை உயர்த்தினாராம், நல்ல ஆள்.

இரவு 2 மணிக்கு உள்ளே எத்தனை பேர்: ஹாஜர் ஆபீஸ் 118, விளக்கறை 121, ஓவர்மேன் "நூற்றிருபது இருக்கும் சார்".

யார் அந்த 3 பேர் என்று கேட்டேன். மறுநாள் தேடியிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் அனுப்பிய பம்பு ஆட்கள், கீழ்ப்பக்கம் தண்ணீர் சேரும் குழியில் இரவு முழுக்கத் தனியாக இருப்பவர்கள். விளக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஹாஜரில் பெயர் ஏறுவதில்லை. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு விளக்கறைக்காரர், புது ஒப்பந்தம் வந்ததிலிருந்து என்றாராம். ஒப்பந்தத்தின் தேதியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.